கொசுவைத் தேடிய பட்டாளத்து டாக்டர்

மடத்துக்குளத்தை அடுத்த கணியூர், அமராவதியின் பழைய ராஜவாய்க்கால் பாசனத்து ஊர்களில் ஒன்று. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வயல் பசுமையாகிவிடும். குடியானவன் முகமும் மலர்ந்துவிடும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் பயிர் மட்டுமா வளருகிறது? பொழுது சாயும் வேளையில் காதோரம் ரீங்காரம் செய்துகொண்டு வருகிற கொசுவும் அங்கேதான் வளருகிறது.

தெற்கே தெரிகிற மலைகளின் அடிவாரம் நெடுகிலும் மலைஜுரம் ஒரு காலத்தில் குடித்தனம் நடத்தி வந்தது. மலைக்குக் கூலி வேலைக்குப் போனவன் திரும்பி வரும்போது காசோடு குளிர் ஜுரத்தையும் கட்டிக்கொண்டு வருவான். முதலில் உடல் வெடவெடவென்று நடுங்கும். நாலு கம்பளி போர்த்தினாலும் குளிர் அடங்காது. பிறகு அனல் போலக் காய்ச்சல் அடிக்கும். கடைசியில் வியர்த்துக் கொட்டி ஜுரம் இறங்கும். ஒருநாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு, கடன்காரன் வாசலில் வந்து நிற்பதுபோல, மறுபடியும் வந்து நிற்கும்.

இந்த ஜுரம் எப்படி வருகிறது என்பது பல நூற்றாண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். அந்த நம்பிக்கையைத் தகர்த்து உண்மையைக் கண்டுபிடித்தவர் பெரிய சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்லர். மதராஸ் காலாட்படையின் சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்து வந்த ஒரு பட்டாளத்து டாக்டர். அவர் பெயர் ரொனால்ட் ராஸ்.

விருப்பமில்லாத வைத்தியர்

1857-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி மீரத்தில் சிப்பாய்க் கலகம் மூண்டது. அதற்கு மூன்று நாள் கழித்து, 13-ந் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் ராஸ் பிறந்தார். தகப்பனார் இந்திய ராணுவத்தில் அதிகாரி. பிற்காலத்தில் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். பத்துக் குழந்தைகளில் ராஸ்தான் மூத்தவர். அந்நாளைய வெள்ளைக்கார அதிகாரிகளின் வழக்கப்படி, எட்டாவது வயதில் அவரை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிப் படிக்க அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குப் படம் வரைவதில் ஆசை, கவிதையில் ஆசை, சங்கீதத்தில் ஆசை, கணக்கிலும் ஆசை. வைத்தியத்தில் மட்டும் ஆசை இல்லை. ஆனால் மகன் இந்திய ராணுவ வைத்திய இலாகாவில் சேரவேண்டும் என்று தகப்பனார் தீர்மானித்துவிட்டார். லண்டனில் பர்த்தலோமியு ஆஸ்பத்திரியில் வேண்டா வெறுப்பாகப் படித்தார் ராஸ். பரீட்சை ஒன்றில் தவறினார். சிறிது காலம் கப்பலில் வைத்தியராக வேலை பார்த்தார். கடைசியில் 1881-ல் இந்திய ராணுவ வைத்தியப் பரீட்சையில் 22 பேரில் 17-வது ஆளாகத் தேறினார். அவருக்குக் கிடைத்தது மதராஸ் மாகாணம்.

பட்டாளத்து ஆஸ்பத்திரி

அந்தக் காலத்துப் பட்டாளத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ராஸ் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

விடியற்காலையில் கவாத்து. அது முடிந்ததும், உடம்புக்கு ஆகாத சிப்பாய்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். காலில் புண், வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல் என்று ஆளுக்கொரு முறையீடு. டாக்டர் நாக்கைப் பார்ப்பார், நாடியைப் பார்ப்பார், மருந்து சொல்லுவார். ஜுரம் என்றால் கொயினா. கசப்பிலும் கசப்பான அந்தத் தூளை எடுப்பதற்கான சின்கோனா மரங்களை 1860-களிலிருந்து நீலகிரியில் சர்க்கார் பயிர் செய்து வந்தது. கொயினா ஜுரத்தைத் தணித்தது. ஆனால் ஜுரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொயினாவால் சொல்ல முடியவில்லை.

காலையில் ஓரிரு மணி நேரம் வேலை செய்தால் டாக்டருக்கு அன்றைய கடமை முடிந்தது. மற்ற நேரமெல்லாம் டென்னிஸ், குதிரைச் சவாரி, கிளப்பில் அரட்டை. யுத்தமில்லாத காலத்தில் பட்டாளம் சோம்பேறி மடமாகத்தான் இருந்தது. ராஸும் முதல் சில வருஷங்களை அப்படித்தான் கழித்தார். சென்னை, விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று மாற்றல் உத்தரவு இழுத்த இடத்துக்கெல்லாம் போனார். ஓய்வு நேரத்தில் கவிதை எழுதினார், நாவல் எழுதினார், கணக்குப் போட்டார்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது ஒரு சிறு சம்பவம் நடந்தது. அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு தொட்டித் தண்ணீரில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது. இதே காரியத்தை அதிகாரிகளின் போஜன சாலையைச் சுற்றியும் செய்யலாமே என்று பட்டாளத்து நிர்வாக அதிகாரியிடம் யோசனை சொன்னார். கடவுள் படைத்த கொசுவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற தோரணையில் அந்த அதிகாரி மறுத்துவிட்டார்! தொட்டியைக் கவிழ்க்கும் அந்த எளிய வைத்தியந்தான் தமது வாழ்நாள் முழுவதும் தாம் உபதேசிக்கப் போகிற மந்திரம் என்பது அன்றைக்கு ராஸுக்கே தெரியாது.

குரு கிடைத்தார்

1880-ல் அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், ஜுரத்தில் கிடந்த ஒரு போர்வீரனின் ரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சிவப்பு அணுக்களுக்குள் நுண்ணிய உயிர்கள் இருக்கக் கண்டார். மலேரியாவை உண்டாக்கும் கிருமி அதுவே. ஆனால் அந்தக் கிருமி மனிதனின் ரத்தத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பது மர்மமாகவே இருந்தது.

ராஸ் இந்தியாவில் எத்தனையோ ஜுரக்காரர்களின் ரத்தத்தைப் பார்த்தும் அந்தக் கிருமி அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. லாவெரான் சொன்னது தப்பு என்றே கட்டுரை எழுதிவிட்டார். 1894-ல் லீவில் லண்டன் போனபோது பாட்ரிக் மான்சன் என்ற வைத்திய நிபுணரைச் சந்தித்தார். மான்சன் சீனாவில் இருந்தபோது, யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளருவதைக் கண்டவர். அவர் ராஸுக்கு மலேரியாக் கிருமியைக் கண்ணெதிரே காட்டினார். அதோடு, இதையும் கொசுதான் சுமந்து திரிகிறதோ என்ற தம் ஊகத்தையும் எடுத்துச் சொன்னார். அது ராஸின் மனத்தில் தைத்தது. தாம் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கவில்லை. 1895-ல் இந்தியாவுக்குத் திரும்பியபோது அவர் வேறு மனிதராகத் திரும்பினார். வயது 37. விளையாட்டுப் புத்தி போய்விட்டது, வெறி பிடித்துவிட்டது.

ஓரணாவுக்கு ஒரு கடி

செகந்திராபாத்தில் 19-வது மதராஸ் காலாட்படைக்கு டாக்டராக அமர்ந்தார். கொசுவைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் காசு கொடுத்தார். ஜுரக்காரனைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, அவனைக் கடிக்கும்படி கொசுக்களை உள்ளே விட்டார். ரத்தம் குடித்த கொசுவைப் பிடித்து, ஊசி முனையால் கூறுபோட்டு, பூதக்கண்ணாடியின் கீழ் அங்குலம் அங்குலமாகத் துருவினார்.

ஆளைச் சம்மதிக்க வைப்பதே பெரும் பாடு. விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது பில்லி சூனியத்துக்கோ என்று பயந்து ஓடினார்கள். காசாசை காட்டித்தான் படுக்க வைக்க வேண்டியிருந்தது. கொசு செத்து மிதந்த தண்ணீரைக் குடித்தால் ஜுரம் வரலாம் என்ற மான்சனின் ஊகத்தைச் சோதிப்பதற்காக, அப்படிப்பட்ட தண்ணீரைச் சிலருக்குக் குடிக்கக்கூடக் கொடுத்தார். அந்த வழியில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இன்றைய வைத்திய தர்மம் இத்தகைய பரீட்சையை அனுமதிக்காது. ஏழைச் சிப்பாயும் ஏழைக் கூலியும் தங்கள் உடம்பைக் கொடுத்த கதையும் இந்தக் கண்டுபிடிப்புக்குள் அடங்கியிருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஆராய்ச்சி சூடுபிடிக்கும் சமயத்தில், 1895 செப்டம்பரில், பெங்களூரில் காலரா. உடனே அங்கே போகவேண்டும் என்று உத்தரவு வந்தது. ராணுவ உத்தரவுக்கு மறுப்பேது? கொசுவை விட்டுவிட்டுச் சாக்கடையையும் கிணற்றையும் சுத்தம் செய்யப் போனார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அதிலேயே கழிந்தது.

நீலகிரிச் சரிவில்

1897 கோடையில் லீவு எடுத்துக்கொண்டு உதகமண்டலத்துக்குப் போனார். ஓய்வெடுக்கப் போனவர் ஓய்வெடுத்தாரா? உதகையிலிருந்து வடக்கே இறங்குகிற சீகூர்ச் சரிவு மலைஜுரத்துக்குப் பேர் போன இடம். அங்கே போய்த் தங்கினார். ஜன்னலை அடைத்தார், கொசுவலைக்குள் படுத்தார். அப்படியும் சில நாளில் அவரையே குளிர் ஜுரம் பிடித்து ஆட்டியது. கொயினா தின்று பிழைத்தார்.

ஆனால் அந்தப் பயணம் வீண் போகவில்லை. சிறகில் புள்ளி புள்ளியாக நிறமுள்ள ஒரு கொசு அங்கே அவர் கண்ணில் பட்டது. மற்றக் கொசுக்கள் கூன் போட்டு உட்காரும். இதுவோ வாலைத் தூக்கிக்கொண்டு, சுவரில் முள் தைத்தாற்போல் சாய்ந்து உட்கார்ந்தது. அதுவரை ராஸ் ஆயிரக்கணக்கில் கூறுபோட்டவை எல்லாம் பழுப்பு நிறக் கொசுக்களும் சாம்பல் நிறக் கொசுக்களுமே. தவறான கொசுவிலே இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்! இந்தப் புள்ளிச் சிறகுக் கொசுவைத்தான் விஞ்ஞானிகள் அனோபிலிஸ் என்கிறார்கள்.

ஆகஸ்டு 20

ஜூன் மாதம் மறுபடியும் செகந்திராபாத். வெயில் கொளுத்தியது. பேகம்பேட்டையில் இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரியின் சிறு அறையில் உட்கார்ந்து வேலை செய்தார் ராஸ். நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டிப் பூதக்கண்ணாடியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தது. பங்கா இழுக்கச் சொல்லவும் வழியில்லை. காற்றடித்தால் கூறுபோட்ட கொசு பறந்துவிடும். சின்னஞ்சிறு ஈக்கள் கண்ணிலும் காதிலும் மொய்த்தன. அவற்றை விரட்டக்கூடக் கை ஒழியவில்லை.

ஆகஸ்டு மாத நடுவில் ஆஸ்பத்திரி உதவியாள் ஒருவர் ஒரு புட்டியில் கொசுப் புழுக்களைக் கொண்டு வந்தார். அவை வளர்ந்து சிறகு முளைத்தபோது, அவை புள்ளிச் சிறகுக் கொசுக்கள்! 16-ந் தேதி, உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து அந்தக் கொசுக்களைக் கடிக்கவிட்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா என்பது பேச்சு.

நாளுக்கு ஒன்றிரண்டாகக் கூறுபோட்டுப் பார்த்தார். ஒன்றும் புலப்படவில்லை. சில செத்தும் போயின. 20-ந் தேதி கையிருப்பில் மிச்சம் இரண்டே. அவற்றில் ஒன்றை எடுத்தார். உடலின் மற்றப் பாகங்களை எல்லாம் பார்த்துவிட்டார். கண் எரிந்தது. இரைப்பை ஒன்றுதான் பாக்கி. அதையும் பார்த்துவிடுவோம் என்று குனிந்தார். இரைப்பையின் சுவரில் வட்டமாக ஒரு பொருள். அதற்குள் கரும்புள்ளிகள். மலேரியாக் கிருமியிலே காணப்படும் அதே நிறத்துகள்கள்! மறுநாள் கடைசிக் கொசுவைக் கூறுபோட்டார். அதிலும் அந்த வட்டங்கள் இருந்தன. முதல் நாளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தன. மனிதனின் ரத்தத்திலிருந்து போன கிருமி கொசுவின் வயிற்றில் உயிரோடு வளருகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றிரவு ராஸ் தம் மகிழ்ச்சியைக் கவிதையாக எழுதி மனைவிக்கு அனுப்பினார். இப்போது ஆகஸ்டு 20-ந் தேதியை உலகக் கொசு தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மறுபடியும் மாற்றல்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு ராணுவம் கொடுத்த பரிசு என்ன? அடுத்த மாதமே ராஜபுதனத்தில் கேர்வாரா என்ற மூலைக்கு மாற்றல்! அங்கே அப்போது மலேரியா இல்லை. ஆராய்ச்சிக்கு வழியும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார் ராஸ். லண்டனிலிருந்து மான்சன் விடாமல் சிபாரிசு செய்ததன் பயனாக, 1898 தொடக்கத்தில் விசேஷ வேலையாகக் கல்கத்தாவுக்கு வந்தார்.

கல்கத்தாவில் வேறொரு சங்கடம். பிளேக் நோய்க்கு ஊசி போடுவதைப் பற்றி ஜனங்களிடையே பீதி பரவியிருந்த காலம் அது. வெள்ளைக்கார டாக்டர் ஊசியை எடுத்தாலே மக்கள் ஓட்டம் பிடித்தார்கள். மனிதர் கிடைக்காததால் ராஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிகளுக்கும் ஒருவகை மலேரியா உண்டு. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசு பிடிப்பதிலும் வளர்ப்பதிலும் அவருக்கு வலது கையாக இருந்தார்.

ஜூலை மாதம் கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. கொசுவின் இரைப்பைச் சுவரில் வளரும் வட்டங்கள் முதிர்ந்து வெடிக்கின்றன. அவற்றிலிருந்து நூல் போன்ற நுண்ணுயிர்கள் கிளம்பிக் கொசுவின் எச்சில் சுரப்பியில் போய்த் தங்குகின்றன. கொசு அடுத்த உயிரைக் கடிக்கும்போது எச்சிலோடு அவையும் உள்ளே இறங்குகின்றன. நோயுற்ற குருவியைக் கடித்த கொசுக்களை விட்டு நல்ல குருவிகளைக் கடிக்கச் செய்தார். அவற்றுக்கும் ஜுரம் வந்தது. கெட்ட காற்றுமல்ல, கெட்ட தண்ணீருமல்ல, கொசுக் கடியே வழி என்பது ருசுவாகிவிட்டது. அதே வருஷக் கடைசியில் இத்தாலியில் கிராஸி முதலிய விஞ்ஞானிகள், மனிதனின் மலேரியாவும் அனோபிலிஸ் கொசு வழியேதான் பரவுகிறது என்பதை நிலைநாட்டினார்கள். முதலில் கண்டது யார் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் மூண்ட சண்டை வெகு காலம் ஓயவில்லை.

புகழும் துயரமும்

1899-ல் ராணுவ உத்தியோகத்தை விட்டு, லிவர்பூலில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிக் கற்பிக்கும் பணியில் ராஸ் சேர்ந்தார். 1902-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அது. 1911-ல் சர் பட்டமும் வந்தது. லாவெரானுக்கு 1907-ல் நோபல் பரிசு கிடைத்தது. இருவரும் ராணுவ டாக்டர்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

புகழ் வந்தது, மன அமைதி வரவில்லை. ராஸ் முன்கோபக்காரர். தமக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்ற தாபம் அவரைக் கடைசிவரை அரித்தது. வெகுமதி கேட்டுச் சர்க்காருக்கு மனுச் செய்தார், கிடைக்கவில்லை. முதல் உலக யுத்தம் தொடங்கிய சில வாரங்களிலேயே, 1914 ஆகஸ்டில், பிரான்சில் நடந்த லெ கட்டோச் சண்டையில் மூத்த மகனைப் பறிகொடுத்தார். எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்ற வழி சொன்னவர், தம் பிள்ளையைக் குண்டிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தோடும் அவர் ராணுவத்துக்கு உழைத்தார். 1917-ல் யுத்த இலாகாவின் மலேரியா ஆலோசகரானார். கிரேக்க நாட்டு சலோனிகா முனையில் ஜுரத்தால் விழுந்துகொண்டிருந்த துருப்புகளைப் பார்க்கப் புறப்பட்டபோது, கடலில் டார்ப்பிடோத் தாக்குதலிலிருந்து மயிரிழையில் தப்பினார். முதுமையில் பணமுடை, தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விற்க நேர்ந்தது. 1931-ல் மனைவி மறைந்தார். 1932 செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் ராஸ் கண்ணை மூடினார்.

சிப்பாய்க்குக் கிடைத்த கவசம்

ராஸ் கண்ட உண்மை எவ்வளவு பெரிது என்பதை இரண்டாவது உலக யுத்தம் காட்டியது. 1943-ல் பர்மா முனையில், காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவனுக்கு, நோயில் விழுந்து திரும்பியவர்கள் 120 பேர். அதில் மலேரியாவே பெரும் பங்கு. தளபதி ஸ்லிம் கண்டிப்பான உத்தரவுகள் போட்டார். அஸ்தமித்ததும் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும். மெபாக்ரின் மாத்திரையைத் தினமும் அதிகாரியின் கண்ணெதிரே விழுங்கவேண்டும். திடீரென்று ரத்தப் பரிசோதனை நடக்கும். மாத்திரை சாப்பிடாதவர்கள் அதிகமாக இருந்த படைகளின் தலைவர்கள் மூவரைப் பதவியிலிருந்தே நீக்கினார். ஜுரம் குறைந்தது, படை நிமிர்ந்தது. அந்தக் காடுகளில் சண்டையிட்ட தமிழ்ச் சிப்பாய்களுக்கும் துப்பாக்கியைப் போலவே அந்த மஞ்சள் மாத்திரையும் ஓர் ஆயுதமாக இருந்தது.

நாடு சுதந்திரம் அடைந்தபோது, இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 7½ கோடிப் பேர் மலேரியாவில் விழுந்தார்கள் என்றும், 8 லட்சம் பேர் மடிந்தார்கள் என்றும் கணக்கிட்டார்கள். 1953-ல் தேசீய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. டி.டி.டி. மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய் வீட்டுச் சுவர்களில் அடித்தார்கள். 1965-க்குள் நோயாளிகளின் தொகை ஒரு லட்சமாகச் சுருங்கியது. இனிப் பயமில்லை என்று கண்ணயர்ந்தபோது கொசு திரும்பிவிட்டது. 1976-ல் 64 லட்சம் பேருக்குமேல் நோய் கண்டது. சத்துரு அசந்திருக்கும் நேரம் பார்த்துத் தாக்குவது கொசுவுக்கும் தெரிந்த யுத்த தந்திரம்தான்!

பேகம்பேட்டையில் ராஸ் வேலை செய்த கட்டடம் இன்றும் அவர் பெயரால் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனால் அவருக்கு உண்மையான ஞாபகச் சின்னம் வேறிடத்தில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறார்கள். பனியன் கம்பெனிக்கு விடிவதற்குள் கிளம்பவேண்டிய வீடுகளில் அதை வாரம் ஒருமுறை கழுவிக் கவிழ்க்க நேரமேது? நகரத்து மலேரியாவைப் பரப்பும் கொசுவும், டெங்குவைப் பரப்பும் கொசுவும் அந்தத் தண்ணீரில்தான் முட்டையிடுகின்றன. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும்.

ஆகையால் வாரத்துக்கு ஒருநாள் டிரம்மைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கிற தாய், 1883-ல் பெங்களூரில் ஒரு வாலிப டாக்டர் செய்த காரியத்தையே செய்கிறாள். கணியூரானாலும் கல்கத்தாவானாலும் இன்றைக்கும் முதல் மருந்து அதுதான். அதற்குக் காசில்லை, கசப்புமில்லை.